பன்னிரண்டு வயது வரை காத்திருக்கவும்

என் மேஜையில் ஒரு சீல் இருந்தது. அதைச் செய்யச் சொன்னது நான்தான். ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரே நாளில் ஏழு தாய்மார்கள் வந்து, குழந்தைக்குப் பல் கோணலாக முளைக்கிறது என்று என் உயிரை எடுத்தார்கள். மறுநாளே புனே ஔந்தில் ஒரு கடைக்குச் சொல்லி அனுப்பி வாங்கிவிட்டேன். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே செய்தி: பல் விழுந்து முளைக்கும் பருவம், கவலை வேண்டாம், பன்னிரண்டு வயது வரை காத்திருக்கவும். கீழே என் பெயர், டாக்டர் ப்ரியம்வதா, குழந்தை நல மருத்துவர், சாங்வி. ஊதா மை.

நான் பொல்லாத டாக்டர் என்று இந்தப் பக்கம் பெயர். சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லிக் கேட்டால் கதவைக் காட்டுவேன். தேவையில்லாத டெஸ்ட் எழுத மாட்டேன், தேவையில்லாத ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்ப மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. சீலும் அந்தத் தலைக்கனத்தில் பிறந்ததுதான். பல் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வெளியே வரவேற்பில் இருக்கும் அம்ருதா தன்னிடம் இருக்கும் இன்னொரு சீலை என்னைக் கேட்காமலேயே ஃபைலில் குத்திவிடுவாள், தாய்மார்கள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

தீப்தி வந்தது ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு. பல் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படிக்கிறாள், பல் சீரமைப்புத் துறை. குழந்தைகளுக்கு வரும் பல், தாடைக் கோளாறுகளைப் பற்றிக் குழந்தை மருத்துவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது அவளுடைய ஆய்வாம். கேட்டதுமே எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருட டாக்டருக்கு இந்தச் சின்னப் பெண் பரீட்சை வைக்கப் போகிறாள். அன்றைக்கும் மறுநாளும் வேண்டுமென்றே காக்க வைத்து அனுப்பினேன். வியாழக்கிழமையும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் உள்ளே கூப்பிட்டேன். அப்பா அம்மாவுக்குக் கும்பகோணம், அவள் பிறந்தது புனேயில். தமிழ் ஆங்கிலம் கலந்துதான் வந்தது. நாலு பக்கத் தாள், பதினைந்து கேள்விகள். ஒரு குழந்தையைப் பல் சீரமைப்பு மருத்துவரிடம் முதல் முறை எந்த வயதில் காட்ட வேண்டும்? பன்னிரண்டு என்று டிக் செய்தேன். விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தேன். பதினோராவது கேள்வியில் ஒரு படம் இருந்தது. ஏழு வயதுக் குழந்தையின் வாய், கீழ்ப் பற்கள் மேல் பற்களுக்கு முன்னால் வந்து கடிக்கின்றன. என்ன செய்வீர்கள்? நிரந்தரப் பற்கள் எல்லாம் முளைக்கும்வரை காத்திருப்பேன் என்பதில் டிக் செய்து தாளை அவளிடம் தள்ளினேன்.

அவள் அதை உறையில் போட்டு ஒட்டினாள். ஒட்டின பிறகும் எழுந்திருக்கவில்லை. பார்வை மேஜையில் இருந்த சீலின் மேலேயே இருந்தது.

"மேம், ஃபார்ம் க்ளோஸ் பண்ணியாச்சு, அதனால இப்ப சொல்லலாம். உங்க பேரை எனக்கு முன்னாடியே தெரியும். இந்த சீலை நான் தேஹு ரோடுல பார்த்திருக்கேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது புனேக்கு வெளியே தேஹு ரோடு ஊரில் ஒரு பள்ளியில் பல் முகாம் நடத்தினார்கள். கடி மாறியிருந்த குழந்தைகளுக்கு, உடனே கல்லூரிக்கு வரவும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒருவரும் வரவில்லை. போன் செய்து கேட்டால், டாக்டர் மேடம் காத்திருக்கச் சொல்லிவிட்டார் என்று பதில். நாலைந்து தாய்மார்கள் அந்த ஊதா சீலின் படத்தையும் அனுப்பினார்கள். ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்ததே அதனால்தானாம்.

பல் டாக்டர்களுக்கு என்ன, கம்பி மாட்ட ஆள் கிடைத்தால் சரி என்று சீறினேன். அது மட்டுமில்லை, தேஹு ரோட்டிலிருந்து என்னிடம் வருவது ஒரே ஒரு குடும்பம், நாலைந்து தாய்மார்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றும் கேட்டேன். அவள் தன் போனில் ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். முகாமில் எடுத்தது. ஒரு சிறுமியின் வாய், பதினோராவது கேள்வியில் இருந்த அதே கடி.

"சோனியா. தாடை எலும்பு இளசா இருக்கும்போதுதான் மேல் தாடையை முன்னாடி இழுக்க முடியும், மேம். ஏழு, எட்டுல ஈஸி. பத்து தாண்டினா ரொம்ப கஷ்டம். அப்புறம் பதினெட்டு வயசுல தாடையை அறுத்து ஆபரேஷன்தான். அவளுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல பத்து. நான் கூப்பிட்டா அவங்க வரமாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாதான் வருவாங்களாம்."

அவளை அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டைத் தொடாமல் ஃபைலைத் தேடினேன். அந்த ஒரே குடும்பம் அந்தோணியும் ஜோசபினும். அந்தோணி ராணுவ டிப்போவில் வேலை பார்க்கிறார். முன்பு சாங்வியில் வாடகைக்கு இருந்தார்கள், குவார்ட்டர்ஸ் கிடைத்து தேஹு ரோடு போன பிறகும் மகளை என்னிடமே கூட்டி வந்தார்கள். கடைசியாக வந்த பக்கத்தில் என் கையெழுத்து: ஏழு வயது ஒரு மாதம், எடை பத்தொன்பது கிலோ, கீழ்ப் பல் முன்னால் இருக்கிறது என்று தாய்க்குக் கவலை, முகாம் சீட்டு கொண்டுவந்தார். அதன் கீழே ஊதா சீல்.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. ஜோசபின் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். நான் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. முகாம்காரர்களுக்கு ஆள் பிடிப்பதே வேலை என்று சிரித்தேன். அவளும் நிம்மதியாகச் சிரித்தாள். சோனியாவின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், சதை வீங்கவில்லை என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடமாகப் பல்லைத் தாண்டித்தான் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் படிப்பில் பல்லுக்கு ஒரே ஒரு வகுப்பு, எந்தப் பல் எந்த மாதம் முளைக்கும் என்ற அட்டவணை, அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு மணி நேரம் படித்தேன். எங்காவது அந்தப் பெண் தப்பாகச் சொல்லியிருப்பாள் என்றுதான் தேடினேன். ஏழு வயதில் முதல் பரிசோதனை என்று எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்தது. அப்போது வெளியே டொக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்கிறேன், அன்றைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் அம்ருதாவின் கையிலிருந்து ஃபைலைப் பிடுங்கினேன். எட்டு வயதுப் பையன் ஒருவன், அம்மாவோடு கிளம்பிக்கொண்டிருந்தான். அங்கேயே உட்கார வைத்து, கடி, உதட்டைத் தூக்கு, வலது பக்கம், இடது பக்கம் என்று பார்த்தேன். பல் நெருக்கம்தான், கடி சரியாக இருந்தது. அம்ருதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளிடமிருந்த சீலையும் என் மேஜைமேல் இருந்ததையும் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஃபைலில் இருந்த நம்பர் வேலை செய்யவில்லை. தீப்தியிடம் வாங்கித்தான் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் ஜோசபினுக்குச் சந்தோஷம். பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேலேயே இருக்கிறதே மேடம், ஞாபகம் வைத்திருக்கிறோம் என்றாள். நான் சொன்னது தப்பு என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒரு செக்கப், சனிக்கிழமை கல்லூரிக்கு வாருங்கள், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வைத்த பிறகு என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை ஆகுர்டி தாண்டி அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூவரும் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். அந்தோணி எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எங்களுக்காக மேடம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே என்று அவர் சொல்லச் சொல்ல நான் குறுகிப்போனேன். சோனியா வளர்ந்திருந்தாள். வணக்கம் சொல்லும்போது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். பக்கவாட்டில் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. கன்னம் உள்வாங்கி, மோவாய் மட்டும் முன்னே வந்திருந்தது. படிப்பில்லாத கண்ணுக்கும் தெரியும் அது.

எக்ஸ்ரே எடுக்கப் போனார்கள். தாடைக்கு ஒன்று, எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கக் கை மணிக்கட்டுக்கு ஒன்று. வெளியே பெஞ்சில் ஜோசபின் என் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாள். சோனியாவால் வடா பாவ் ரொட்டியை முன்பல்லால் கடிக்க முடியாதாம், பிய்த்துப் பிய்த்து ஓரமாகப் போட்டுக்கொள்வாளாம். வகுப்பு போட்டோ எடுத்த அன்று வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாளாம்.

"நான் அவளுக்கு அதான் சொல்லுவேன் மேடம். பன்னெண்டு வயசு ஆவட்டும், தானா சரியாயிடும், டாக்டர் மேடமே எழுதிக் குடுத்துருக்காங்கன்னு. காலண்டர்ல வருஷத்தை எண்ணிக்கினு இருக்கா."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எலும்பு இளசாக இருந்தால் சொல்ல வேண்டிய அவசியமே வராதே என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அரை மணி கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். துறைத் தலைவர் பெரியவர், மராத்திக்காரர். படங்களை விளக்கில் மாட்டி வைத்து வெகுநேரம் பார்த்தார். தீப்தி சுவரோரமாக நின்றாள். அவர் இந்தியில் நிதானமாகச் சொன்னார். மேல் தாடை வளராமல் பின்தங்கிவிட்டது. எலும்பு இன்னும் முழுக்க மூடவில்லை, ஆனால் மூடும் நேரம். நெற்றியிலும் மோவாயிலும் தாங்குகிற மாதிரி ஒரு கவசம் போட்டு, ரப்பர் பேண்டால் மேல் தாடையை முன்னே இழுத்துப் பார்க்கலாம். தினமும் பதினான்கு மணி நேரம், குறைந்தது ஒரு வருடம். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பலிக்காவிட்டால் வளர்ந்த பிறகு ஆபரேஷன்.

பிறகு அந்தோணியைப் பார்த்து, இரண்டு மூன்று வருடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்குமே, ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்தோணி தடுமாறவில்லை. மேடம் காத்திருக்கச் சொன்னார்கள் சார் என்று என்னைக் கைகாட்டினார். அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை, மரியாதைதான் இருந்தது.

துறைத் தலைவர் என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் செய்கிற உதவியைச் செய்தார். சில குழந்தைகளுக்குத் தாடை திடீரென்று இப்படி வளர்ந்துவிடும், அந்த வயதில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அந்தோணியிடம் சொன்னார். அந்தோணி தலையாட்டினார். ஜோசபினும் ஆட்டினாள். நான் ஒரு ஆமாம் போட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். தீப்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோனியா கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"இல்லை," என்றேன். "அந்தோணி, ஜோசபின், அப்பவே தெரிஞ்சது. முகாம்ல சரியாத்தான் எழுதிக் குடுத்தாங்க. நீங்களும் சரியாத்தான் பயந்தீங்க. நான்தான் வாயைத் திறந்து பார்க்காம சீல் குத்தினேன். நான் சொன்னது தப்பு. இந்த ரெண்டே முக்கால் வருஷம் போனது என்னாலதான்."

அந்தோணிக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மகளின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஜோசபின் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் முகம் வெளிறி, கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள். எதையோ மேலே மேலே தள்ளித் தேடி, என் முன்னால் நீட்டினாள்.

வாட்ஸாப் குழு. டிப்போ குவார்ட்டர்ஸ் தாய்மார்கள், நூற்றுப் பதினெட்டு பேர். ரெண்டே முக்கால் வருடத்துக்கு முந்தைய ஒரு படம். என் ஃபைலின் பக்கம், என் கையெழுத்து, ஊதா சீல். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

"முகாம் சீட்டு எங்க குவார்ட்டர்ஸ் லைன்ல நெறைய பேருக்கு வந்துச்சு மேடம். எல்லாரும் பயந்துக்கினு இருந்தாங்க. நான்தான் போட்டேன். பெரிய டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க, யாரும் போவ வேணாம்னு நான்தான் சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "என் பொண்ணு மட்டும்னா என் தலையெழுத்துன்னு இருந்துருவேன். அவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

தீப்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்த நாலைந்து தாய்மார்களும் அனுப்பியது இந்த ஒரே படத்தைத்தான் என்பது அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது, எனக்கும். ஜோசபினைத் தவிர அவர்களில் ஒருவர்கூட என் க்ளினிக் வாசலை மிதித்ததில்லை. என்னிடம் வராத குழந்தைகளையும் நான் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

நான் திருத்தி எழுதித் தருகிறேன், அதைப் படம் எடுத்துப் போடுங்கள் என்றேன். ஜோசபின் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"எழுதுனா வேற யாரோ எழுதுனதும்பாங்க. நீங்களே பேசுங்க. உங்க வாயால சொல்லுங்க."

மைக்கை அழுத்திப் போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். இருபத்திரண்டு வருடமாக நான் டார்ச்சைப் பிடித்த மாதிரியே பிடித்தாள். முதலில் இந்தியில் சொன்னேன், பிறகு தமிழில். சாங்வியில் இருந்து டாக்டர் ப்ரியம்வதா பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். "அந்த சீலை நம்பாதீங்க. அது தப்பு, அதை எழுதினது நான்தான். ஆறு வயசுக்கு மேல இருக்கற பிள்ளையைப் பல்லைக் கடிக்கச் சொல்லிப் பாருங்க. கீழ்ப் பல் மேல் பல்லுக்கு முன்னாடி வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. சந்தேகமா இருந்தா போட்டோ எடுத்து இதுலேயே அனுப்புங்க. நான் இங்கேயே இருக்கேன்." ஜோசபின் விரலை எடுத்தாள். செய்தி போனது.

துறைத் தலைவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, சோனியாவின் வாய்க்கு அச்சு எடுக்கச் சொல்லித் தீப்தியிடம் கண்ணைக் காட்டினார். தீப்தி மாவைக் குழைக்கத் தொடங்கினாள். சோனியா பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள், கைக்குட்டையை மடியில் வைத்தாள். அந்தோணி அப்போதும் ஜன்னலைப் பார்த்தபடிதான் நின்றார்.

முதல் படம் நாலு நிமிடத்தில் வந்தது. யாரோ ஒரு அம்மா குழந்தையின் உதட்டை விரலால் விலக்கிப் பிடித்திருந்தாள், பாதி மங்கல். இரண்டாவது, மூன்றாவது. போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது நெருக்கம்தான், பயமில்லை. இது சொத்தை. ஒன்பதாவது படத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை. கீழ் வரிசை முழுக்க முன்னால் நின்றது.

சோனியா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் தெரிந்த பச்சைச் சட்டைக் காலரை வைத்தே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"அது கௌஷிக். பின் லைன் பையன். செகண்ட் ஸ்டாண்டர்ட்."

"வயசு என்னம்மா?" என்றேன்.

"ஏழு." வாயை மூடாமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அவனுக்கு டைம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவள் தன் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவனை இன்னிக்கே வரச் சொல்லும்மா. மேடம் கிளம்பறதுக்குள்ள."

ஜோசபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கௌஷிக்கின் அம்மாவைக் கூப்பிட்டாள். தீப்தி அச்சுத் தட்டோடு வந்து வாயைத் திற என்றாள். சோனியா திறந்தாள். நான் எழுந்து போய், முதல் முறையாக, அவள் பற்களைப் பார்த்தேன்.